நாயுடன் நடக்கையில் கவனம்

நாயுடன் நடக்கையில் கவனம் என்பது, வளர்ப்பு நாயை வெளியே அழைத்துச் செல்பவர் அந்த நேரம் முழுவதும் நாயின் உடல் காட்டும் குறிப்புகளையும் அது அடுத்து எதிர்கொள்ளப் போகும் சூழலையும் பார்த்துக்கொண்டே செல்லும் பழக்கத்தைக் குறிக்கும். வார் கையில் இருப்பதும் கவனம் நாயிடம் இருப்பதும் ஒன்றல்ல. நாய் ஒருவரைக் கடித்தது, கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு சாலையில் ஓடியது, குப்பையிலிருந்து எதையோ விழுங்கியது, வெயிலில் மயங்கி விழுந்தது போன்றவை திடீரென நடந்தவையாகவே பின்னர் சொல்லப்படுகின்றன. பெரும்பாலும் அதற்குச் சில நொடிகளோ சில நிமிடங்களோ முன்பே நாய் அறிகுறி காட்டியிருக்கும். அதை அப்போதே பார்த்தவருக்கு விலகிச் செல்லவும் திரும்பவும் நேரம் கிடைக்கிறது. பார்க்காதவருக்கு வாரைப் பிடித்து இழுப்பது ஒன்றே மிஞ்சுகிறது.

ஒரே தெரு, இரு உலகங்கள்

மனிதரும் நாயும் ஒரே தெருவில் நடந்தாலும் இருவரும் அறிவது ஒன்றல்ல. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 எர்ட்சு வரை கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 எர்ட்சு வரை எட்டும். நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரிந்து தெரியாது. ஆனால் தொலைவில் நிகழும் சிறு அசைவையும் மங்கிய ஒளியில் நகர்வதையும் அது எளிதில் கண்டுபிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கு. ஒரு மின்கம்பத்தின் அடியில் எந்த நாய் வந்துபோனது, எவ்வளவு நேரத்துக்கு முன் வந்தது என்பன போன்ற செய்திகளை நாய் மோப்பத்தின் வழியே பெறுகிறது.

இதனால் கம்பத்துக்குக் கம்பம் நிற்கும் நாயை "வா, வா" என்று இழுத்துச் செல்வது, நடையின் பெரும்பகுதியை அதனிடமிருந்து பறிப்பதாகும். பிரெஞ்சு ஆய்வாளர் சார்லோட் துரான்தோனும் நியூயார்க் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஓரோவிட்சும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பு நாய்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழு மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சியையும், மற்றொன்று உரிமையாளரின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியையும் இரு வாரங்கள் செய்தன. பின்னர், உணவு இருக்குமா இருக்காதா என்று உறுதியாகத் தெரியாத கிண்ணத்தை நோக்கி மோப்பக் குழு நாய்கள் முன்பைவிட விரைவாகச் சென்றன. அவற்றின் எதிர்பார்ப்பு நம்பிக்கையின் பக்கம் சாய்ந்திருந்ததாக ஆய்வாளர்கள் இதை விளக்கினர்.

மோப்பம் பிடிக்க விடுவது என்பது கவனிக்காமல் விடுவது அல்ல. முகர்வதற்கும் வாயில் எடுப்பதற்கும் இடையே அரை நொடி கூட இருப்பதில்லை. முகரும்போது மூக்கு தரையோடு மெல்ல நகரும். தின்ன முற்படும்போது தலை ஓரிடத்தில் நின்று, கழுத்து விறைத்து, தாடை திறக்கும். இந்த வேறுபாடு சில நாள் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

திரும்பிப் பார்க்கும் பழக்கம்

நாய் நடந்துகொண்டே அவ்வப்போது தலையைத் திருப்பித் தன்னை அழைத்து வந்தவரைப் பார்க்கும். நாயினத்தின் தனித்தன்மைகளில் இதுவும் ஒன்று. அங்கேரியின் புடாபெசுட்டு நகரைச் சேர்ந்த ஆதாம் மிக்லோசி குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களும் நாய்களும் பெட்டியைத் திறந்தோ கயிற்றை இழுத்தோ இறைச்சி எடுக்கப் பழக்கப்பட்டன. பிறகு எடுக்க முடியாதபடி வழி அடைக்கப்பட்டது. ஓநாய்கள் தாமே முயன்றுகொண்டிருந்தன. நாய்களோ விரைவிலேயே முயற்சியை நிறுத்தி அருகில் இருந்த மனிதரின் முகத்தைப் பார்த்தன. சப்பான் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நாயும் உரிமையாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் கூடுவதைக் காட்டியது.

தெருவில் இந்தப் பார்வை ஒரு கேள்வியாகவே வருகிறது. எதிரே ஒரு நாய் வருகிறது, என்ன செய்யலாம்? அந்தச் சத்தம் என்ன? அந்தப் பக்கம் போகலாமா? அழைத்துச் செல்பவர் முகம் கொடுத்து, ஒரு சொல் சொல்லி, திசையைக் காட்டினால் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. அவர் கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை இல்லை. பலன் தராத செயல் மெல்ல மறைந்துவிடும் என்பது விலங்குகள் கற்கும் முறையின் அடிப்படை விதி. பலமுறை திரும்பிப் பார்த்தும் யாரும் கண்டுகொள்ளாத நாய், திரும்பிப் பார்ப்பதை விட்டுவிடுகிறது. எதிரே வருவதைத் தானே சமாளிக்கத் தொடங்குகிறது. பயந்த நாய் தானே சமாளிக்கும் வழி குரைப்பதும் பாய்வதும்தான். "எங்கள் நாய் வெளியே வந்தால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை" என்று குறைபடும் வீடுகளில், அது பேச முயன்றபோது யாராவது கேட்டார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.

திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை வளர்ப்பது கடினமன்று. நாய் தானாகப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லிப் பாராட்டுவதோ, சட்டைப்பையிலிருந்து சிறு தின்பண்டம் தருவதோ போதும். மூக்கில்லாமல், வெறும் கட்டளையாக "என்னைப் பார்" என்று நடை முழுவதும் முகத்தையே பார்க்க வைப்பது தேவையற்றது. நாய்க்கும் அது சலிப்பு.

உடல் காட்டும் குறிப்புகள்

நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் துரீத் ரூகோசு, நாய்கள் மோதலைத் தவிர்க்கக் காட்டும் சிறு அசைவுகளைத் தொகுத்துப் பரவலாக அறியச் செய்தவர். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, உணவு இல்லாதபோது மூக்கையும் உதட்டையும் நக்குவது, முகத்தைப் பக்கவாட்டில் திருப்புவது, திடீரெனத் தரையை முகர்வது, நேராக வராமல் வளைந்து வருவது ஆகியன இவற்றுள் அடங்கும். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் சூழலோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது நாய் கொட்டாவி விட்டால், அது உறக்கம் அன்று.

அடுத்த கட்டம் இன்னும் தெளிவானது. திறந்து தளர்ந்திருந்த வாய் சட்டென மூடும். உடல் ஒரு கணம் அசைவற்று நிற்கும். காதுகள் முன்னே குவியும் அல்லது தலையோடு ஒட்டும். கண்ணின் வெண்மை பிறை போலத் தெரியும். முதுகு மயிர் சிலிர்க்கும். வால் ஆடுவதை நட்பின் அடையாளமாகக் கொள்வது பொதுவான தவறு. இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வாலும், விறைத்து உயர்ந்து நுனி மட்டும் வேகமாகத் துடிக்கும் வாலும் எதிர்ப்பொருள் தரக்கூடியவை. அசைவற்று நிற்கும் அந்த ஒரு கணம்தான் பெரும்பாலும் கடைசி வாய்ப்பு. அதன் பிறகு உறுமலோ பாய்ச்சலோ வரும்.

உறுமும் நாயை அதட்டி அடக்குவது தீங்கானது. உறுமல் ஓர் எச்சரிக்கை. எச்சரித்தால் அடி விழும் என்று கற்ற நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கலாம். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியையும் தெருவில் நம்ப முடியாது. அச்சத்தில் குரைக்கும் நாய் போக வழியில்லாவிட்டால் கடிக்கும்.

அச்சம் சேர்ந்துகொண்டே போவதும் உண்டு. காலையில் வாசலில் தண்ணீர் லாரியின் ஆரன், பிறகு லிப்டில் அந்நியர் ஒருவர், தெருமுனையில் துரத்திய ஒரு நாய் என ஒவ்வொன்றையும் தனியே தாங்கிக்கொண்ட நாய், நான்காவதாக வரும் மிதிவண்டியைப் பார்த்து வெடித்துவிடலாம். மிதிவண்டிதான் காரணம் என்று வீட்டார் நினைப்பார்கள். உடலில் ஏறிய பதற்றம் தணியச் சில நிமிடங்கள் போதாது, மணிக்கணக்கும் ஆகலாம். அத்தகைய நாளில் வழக்கமான தூரத்தைக் குறைத்துக்கொண்டு வீடு திரும்புவதே நல்லது.

வாரும் கழுத்துப்பட்டையும்

பேச்சு வழக்கில் பெல்ட், செயின் என்று சொல்லப்படும் இவை கவனத்துக்கு மாற்றாகா. என்றாலும் கவனம் தவறும் நொடியில் காப்பவை இவையே. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள துணி அல்லது தோல் வார் நகர நடைக்கு ஏற்றது. இழுக்க இழுக்க நீளும் சுருள் வார் நெரிசலான தெருவுக்கு ஏற்றதன்று. நாய் ஐந்து மீட்டர் தள்ளிச் சாலையின் நடுவே நிற்கும்போது பொத்தானை அழுத்துவதால் பயனில்லை.

வாரை விரல்களிலோ மணிக்கட்டிலோ பல சுற்றுகளாகச் சுற்றிக்கொள்ளும் வழக்கம் ஆபத்தானது. அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2001 முதல் 2020 வரை அந்நாட்டில் வாரில் நாயை நடத்திச் சென்றபோது காயமுற்று அவசர சிகிச்சைக்கு வந்த பெரியவர்கள் ஏறத்தாழ 4,22,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பெண்கள். விரல் எலும்பு முறிவு, தலைக்காயம், தோள்பட்டைச் சுளுக்கு ஆகியவை முதன்மையான காயங்கள். வாரின் முனை வளையத்துக்குள் கட்டைவிரலை விட்டு, மீதியை உள்ளங்கையில் மடித்துப் பிடித்து, மறு கையால் இடையில் தாங்குவது பாதுகாப்பானது. ஒரு கையில் கைப்பேசி இருந்தால் இது முடியாது.

தமிழ்நாட்டு இனங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. ஓடும் உருவத்தைக் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. ஒரு பூனையோ அணிலோ கடந்தால் அவை நொடியில் முழு வேகத்தை எட்டிவிடும். இவற்றின் தலை ஒடுங்கியது, கழுத்து ஏறக்குறைய அதே பருமன் கொண்டது. ஆகவே மற்ற நாய்களுக்குப் போதுமான பட்டை இவற்றின் தலை வழியே எளிதில் உருவிக்கொள்ளும். இழுக்கும்போது மட்டும் இறுகும் அகன்ற பட்டையோ, மார்பைச் சுற்றிக் கட்டும் ஆர்னசோ இவற்றுக்குப் பொருத்தம். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரு விரல் நுழையும் அளவே இடம் இருக்க வேண்டும். ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. கூப்பிட்டும் திரும்பாத வெள்ளை நாய்க்குட்டி பிடிவாதக்காரன் என்று திட்டப்படும் முன், அதற்குக் காது கேட்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் பார்ப்பது முறை. கேளாத நாய்க்குக் கை அசைவே மொழி. அதை அழைத்துச் செல்பவர் கண்ணை வேறெங்கும் வைக்க முடியாது.

தமிழ்நாட்டுத் தெருக்களில்

வெளிநாட்டுக் கையேடுகள் பேசாத பல இடர்கள் இங்கே உண்டு. முதலாவது தெருநாய்கள். விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன் அடிப்படை நடைமுறை, கருத்தடை அறுவை செய்து தடுப்பூசி போட்ட தெருநாயை அது பிடிக்கப்பட்ட இடத்திலேயே விடுவதாகும். காது நுனியில் வெட்டு அடையாளம் உள்ள நாய் கருத்தடை செய்யப்பட்டது. ஆகவே ஒரு தெருவில் இருப்பவை பெரும்பாலும் அதே நாய்கள்தாம். எது எங்கே படுத்திருக்கும், எது காரின் அடியிலிருந்து எழுந்து வரும், எது குட்டி போட்டிருக்கிறது என்பதை ஒரு மாத நடையில் அறிந்துகொள்ளலாம். குட்டியுள்ள தாய்நாய் இருக்கும் சந்தைச் சில வாரங்களுக்குத் தவிர்த்துவிடுவது நல்லது.

தெருநாய் எதிரே வந்தால் ஓடக் கூடாது. கண்ணோடு கண் முறைத்துப் பார்க்கக் கூடாது. வாரை இறுக்கிப் பிடித்து நேருக்கு நேர் நிறுத்துவது நிலைமையை மோசமாக்கும். நாய்கள் இயல்பாக வளைந்து ஒன்றையொன்று அணுகுபவை. இறுகிய வார் அந்த வளைவைத் தடுத்து, மார்பை நிமிர்த்தி, சண்டைக்கு நிற்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. முன்கூட்டியே பார்த்து, வாரைக் குறுக்கி ஆனால் தளர்வாக வைத்துக்கொண்டு, வளைந்து எதிர்ப்பக்கம் செல்வதே சிறந்தது. நின்றுவிட்ட வண்டி ஒன்று இடையில் இருந்தால் அது நல்ல மறைப்பு. சிறு நாயைத் தூக்குவதானால் மற்ற நாய் நெருங்கும் முன்பே தூக்க வேண்டும். நெருங்கிய பின் தூக்கினால் அது மேலே தாவும், கடி தூக்கியவருக்கு விழும்.

இரண்டாவது வெயில். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு. மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்விக்க அதனால் முடியாது. மூச்சிரைப்பதே அதன் முதன்மை வழி. காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை நகரங்களில் இந்த வழி சரியாக வேலை செய்யாது. வெப்பம் 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் மிக விரைவில் இந்த நிலையை எட்டும். சைபீரியன் அஸ்கியைச் சென்னையின் மே மாத மாலை நான்கு மணிக்கு நடத்திச் செல்வதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் அது நாயின் பாதத்துக்கும் சூடு. நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு அடர்சிவப்பாவது, நடை தள்ளாடுவது ஆகியவை தோன்றினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, காற்றுப்படச் செய்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் இடர் வேறு வடிவம் எடுக்கிறது. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். அதன் வழியே எலிக்காய்ச்சல் நாய்க்கும் மனிதருக்கும் பரவும். தெருவோர மின்பெட்டிகளைச் சுற்றி நிற்கும் நீரில் மின்கசிவு இருக்கக்கூடும். செருப்பில்லாத நான்கு கால்கள் அதை முதலில் உணரும். நாய் ஓர் ஈரமான இடத்தில் காலை வைக்க மறுத்துப் பின்வாங்கினால், இழுக்காமல் விலகிச் செல்ல வேண்டும்.

தின்பண்டக் கழிவுகளுள் கோழி எலும்பு பலருக்குத் தெரிந்த ஆபத்து. வெந்த எலும்பு கூராகப் பிளக்கும். அதைவிடக் குறைவாக அறியப்பட்டவை கடற்கரையில் வீசப்படும் மக்காச்சோளத் தண்டும் கோடையில் தெருவெங்கும் கிடக்கும் மாங்கொட்டையும். இரண்டும் செரிக்காமல் குடலை அடைக்கும்; அறுவை செய்தே எடுக்க வேண்டிவரும். வாயில் எடுத்துவிட்ட பொருளை விரட்டிப் பிடுங்க முயன்றால் நாய் அவசரமாக விழுங்கும். அதைவிட நல்லதொரு தின்பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்வதே பயன் தரும் முறை. தீபாவளியை ஒட்டிய நாள்களில் இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்துக்கொள்வது, வெடிச்சத்தத்தில் வாரை அறுத்துக்கொண்டு ஓடும் நாயைத் தேடுவதைவிட எளிது.

பிறர் கையில் வார்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாயை நடத்திச் செல்பவர் பெரும்பாலும் உரிமையாளர் அல்லர். வீட்டு வேலை செய்பவர், காவலாளி, மாதச் சம்பளத்துக்கு வருபவர் எனப் பலர். எதற்கு நாய் அஞ்சும், எந்தத் தெருவில் பிரச்சினை வந்தது, நேற்று வயிறு சரியாக இருந்ததா என்பன அவரிடம் சொல்லப்படுவதில்லை. அவர் பார்த்ததும் வீட்டாரிடம் கேட்கப்படுவதில்லை. பல வேளைகளில் நாய் நொண்டத் தொடங்கியதையோ சிறுநீரில் இரத்தம் கலந்ததையோ முதலில் கண்டவர் அவராகவே இருப்பார். நாயின் எடையைத் தாங்க முடியாத சிறுவரிடம் வாரைக் கொடுத்து அனுப்புவது எந்த நிலையிலும் சரியன்று.

பொறுப்பும் சட்டமும்

தன்னிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதா 2023-இன் 291-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சென்னை மாநகராட்சி எல்லையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை.

கடி நேர்ந்தால், கடித்தது வீட்டு நாயா தெருநாயா என்று விவாதிக்கும் முன் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. அறிகுறிக்கு முன் போடப்படும் தடுப்பூசி ஏறக்குறைய எப்போதும் காப்பாற்றும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. தெருநாய் வளர்ப்பு நாயைக் கடித்திருந்தால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீடு திரும்பிய பின்

வாரைக் கழற்றும்போது ஒரு நிமிடம் செலவிட்டால் போதும். விரல் இடுக்கு, காதின் உட்புறம், அக்குள், வாலின் அடி ஆகிய இடங்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். எர்லிச்சியா, பபீசியா போன்ற நோய்க்கிருமிகளை உண்ணிகள் பரப்புகின்றன. உண்ணியை விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பாதத்தில் நெருஞ்சி முள், கண்ணாடித் துண்டு, தார் ஆகியவை ஒட்டியிருக்கலாம். ஒரு காலைத் தொட்டதும் நாய் இழுத்துக்கொண்டாலோ கையை நக்கத் தொடங்கினாலோ, அந்தக் காலை மறுபடியும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.